குடியிருந்த காலம்

"வித்த அந்த வீட்ல எந்தத் தேதி வரைக்கும் நீங்க குடியிருந்தீங்க சார்?" என்று டைம்கீப்பரைக் கேட்டார் ஆடிட்டர்.

முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் நேரம் குறித்தவர் அவர். எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்குக் கிளம்பியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். தான் வீட்டை விட்டுக் கிளம்பிய தேதியைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆடிட்டர் பொறுமையாக விளக்கினார். வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் இருப்பது லாபம். லாபத்துக்கு வரி உண்டு. ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் தானே குடியிருந்த வருஷங்களுக்கு வரி இல்லை. அவர் வெளியேறிய பிறகு வாடகைக்கு விட்டதோ பூட்டி வைத்ததோ, அந்த வருஷங்களுக்குத்தான். ஆகவே தேதி சரியாக வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. ஆறு வருஷமாக அப்பா அவள் வீட்டு ஹாலில்தான் படுக்கிறார். விற்ற பணத்தில் மாடியில் அவருக்கென்று ஒரு அறை கட்டப் போகிறாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுவரை முடிவாகிவிட்டது.

"அம்மா போற வரைக்கும் அப்பா அங்கதான் சார் இருந்தாங்க. கூடவே இருந்து பாத்துக்கிட்டாங்க" என்றாள் பெருமையாக.

டைம்கீப்பர் தலையாட்டினார். அது பொய். மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி இரண்டு வருஷம் அவர் டிப்போ ஓய்வறையில் ஒரு இரும்புக் கட்டிலில் இருந்தார். வெளியூரில் வேலை பார்த்த மகளுக்கு இது தெரியாது; அவள் லீவில் வந்த நாட்களில் மட்டும் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். தெரியாமலே தான் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் மனுஷனுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை.

ஆதாரம் வேண்டும் என்றார் ஆடிட்டர். கரண்ட் பில், கடிதம், எதுவானாலும் சரி. டைம்கீப்பர் பேருக்கு வந்த தபாலெல்லாம் டிப்போவுக்கே வந்தவை. சரி, உள்ளூரில்தான் வேலை பார்த்தார் என்று டிப்போவிலிருந்து ஒரு சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார் ஆடிட்டர்.

டிப்போ குமாஸ்தாவுக்கு டைம்கீப்பர் என்றால் உயிர். அண்ணனுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று பழைய பீரோக்களை எல்லாம் குடைந்து, இருந்த தாள் அத்தனையையும் நகலெடுத்து, உறையில் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார். முத்திரையை உடைத்துப் பார்க்க நம்மவருக்கு மனசு வருமா? அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இருபத்துநாலு மாசம் சம்பளத்துல கட்டில் வாடகை பிடிச்சிருக்காங்களே, ஏன் சார்?" என்றார் ஆடிட்டர்.

மத்தியானம் கொஞ்சம் கண்ணயருவதற்கு என்றார் டைம்கீப்பர். அப்பா சரியான தூங்குமூஞ்சி என்று மகள் சிரித்தாள். வரி அதிகாரி சிரிக்க மாட்டார் என்றார் ஆடிட்டர். அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால் நல்லது.

விற்ற வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். டைம்கீப்பர் தனியாகப் போய், இரண்டே வரி எழுதினால் போதும் என்று கெஞ்சினார். டாக்டர் சீட்டு இல்லாமல் தலைவலி மாத்திரைகூடத் தராத ஆள் அவர். இரண்டு வரியில் எப்படி எழுதுவார்? நான்கு பக்கம் எழுதி நேரே ஆடிட்டருக்கே அனுப்பிவிட்டார். நல்லது செய்வதாக நினைத்து அதை ஆடிட்டர் மகள் முன்னால் சத்தமாகப் படித்தார்.

"கடைசி இரண்டு வருஷமும் அந்த வீட்டு அம்மாவுக்கு மாத்திரைகளை நானும் என் மனைவியும் கொடுத்து வந்தோம். ஐயா சனிக்கிழமை மாலையில் வருவார். வாசலில் பழப்பையை வைத்துவிட்டு எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். நல்ல மனிதர்."

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆடிட்டர் நல்லவர். அறைக்குள் ஏதோ கெட்டுவிட்டது என்று புரிந்து அவசரமாக ஒரு வழி சொன்னார். வேலை நிமித்தம் வெளியே தங்க நேர்ந்தால் அதையும் குடியிருந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். நிர்வாகம் இரவு டியூட்டி போட்டதால் போக வேண்டியதாயிற்று என்று ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

"டியூட்டி போட்டுட்டாங்களாப்பா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் மகள். அவள் முகத்தில் உயிர் திரும்பியது.

ஒரு கையெழுத்து. வரியும் போய்விடும், மகளும் மிஞ்சுவாள். டைம்கீப்பர் பேனாவைக் கையில் எடுத்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு வண்டிக்குக்கூட அவர் தப்பு நேரம் எழுதியதில்லை. மேலதிகாரி மிரட்டியும் எழுதியதில்லை. பாழாய்ப்போன அந்தப் பழக்கம் இப்போது வந்து கையைப் பிடித்துக்கொண்டது. பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரும் போடலம்மா. நானே எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கினேன். அவ வலியில கத்துறதைக் கேட்டுக்கிட்டு என்னால அந்த வீட்ல இருக்க முடியல. பயமா இருந்துச்சு. ஓடிட்டேன்."



"தினம் ஏழு மணிக்கு போன் பண்ணுவேன். அப்பா குளிச்சிட்டிருக்காருன்னு அம்மா சொல்லுவாங்க" என்றாள் மகள். "ரெண்டு வருஷமா குளிச்சீங்களாப்பா?"

ஆடிட்டருக்குச் சிரிப்பு வந்து, வந்த வழியே திரும்பிப் போனது. மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்பாவைப் பார்க்காமலே வெளியே போனாள். படிகளில் அவள் செருப்புச் சத்தம் இறங்கி, தெருச் சத்தத்தில் கலந்தது.

இரண்டு வருஷத்துக்குக் கூடுதல் வரி எவ்வளவு வரும் என்று ஆடிட்டர் மெதுவாகச் சொன்னார். கட்டிவிடலாம் என்றார் டைம்கீப்பர். அந்த அறையில் இனி யார் இருக்கப் போகிறார் என்று அவருக்குத் தோன்றியது. அழுகை வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மூலையில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் பெண், வரிப் படிவத்தில் விவரம் அடிக்க மூலப் பத்திரத்தைக் கேட்டாள். அதுவரை அதை யாரும் கேட்கவில்லை. தன் பேர் போட்ட வீட்டு வரி ரசீதைத்தான் அவர் காட்டியிருந்தார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, வீட்டை வாங்கியது அவர் மனைவி பேரிலா என்று கேட்டாள். ஆமாம், யார் பேரில் இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்றார் அவர். ஆடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ வீடு உங்க கைக்கு வந்ததே அம்மா இறந்த அன்னிக்குத்தான், கணக்கும் அன்னிலேருந்துதான்" என்றாள் அந்தப் பெண். "அதுக்கு முன்னாடி நீங்க எங்க இருந்தீங்கன்னு யாரும் கேக்கவே மாட்டாங்க சார்."