இருபத்திரண்டு நாற்காலி இல்லம்

மனித குலத்தை ஒன்று சேர்க்க மதங்கள் பாடுபட்டன. அரசுகள் படை திரட்டின. அவை இரண்டும் தோற்ற இடத்தில், ரெமி கோசாத் இருபத்திரண்டு கட்டில்களையும் ஒரு நீச்சல் குளத்தையும் கொண்டு வென்று காட்டினார். பெசியே நகருக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, அப்பாவின் பண்ணை வீட்டைப் புதுப்பித்து அவர் நிறுவிய ‘ஒன்றுகூடல் இல்லம்’ இன்னும் பாடப் புத்தகத்தில் ஏறவில்லை என்றால், அது பாடப் புத்தகத்தின் குறை.

‘சிதறிய குடும்பங்கள் ஒரே மேசையில்’ என்பது இல்லத்தின் கொள்கை. இணையதளத்திலும் பெயர்ப் பலகையிலும் துவாலைகளின் ஓரத்திலும் அதைப் பொறித்திருந்தார். குதிரை லாயம் ‘தியான மண்டபம்’ ஆகியிருந்தது. ஒயின் புளிக்கவைத்த சிமெண்டுத் தொட்டிகளுக்குக் கதவு வைத்து, கண்ணாடி மாட்டி, குளியலறையாக்கியிருந்தார். வாசலுக்கு எதிரே நான்கு வரிசைக் கொடிகளைக் ‘காட்சிக்காக’ விட்டுவைத்திருந்தார். அதில் பழம் பறிக்கக் கூடாது, பறித்தால் படம் கெட்டுவிடும். பறவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அப்பா ராவுல் அந்த வீட்டில்தான் பிறந்தவர். ‘மராமத்து முடியும் வரை’ அவரை ஊருக்குள் மருந்துக் கடை மாடியில் ஓர் அறையில் குடிவைத்தார்கள். மராமத்து முடிந்து ஆறு வருடம் ஆகிறது. ரெமியும் மனைவி சில்வேனும்கூட அந்த வீட்டில் இல்லை. சைப்ரஸ் வேலிக்குப் பின்னால் ஒரு பழைய கேரவன் வண்டியில் இருந்தார்கள். வீட்டுக்காரர் விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்பது விருந்தோம்பலின் முதல் விதி. விதிகளை எழுதியவர் ரெமியேதான்.

மார்ச் மாதம் அக்கா ஒடில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஜூன் பதினாலு அப்பாவுக்கு எண்பது முடியுது. சனிக்கிழமை. எல்லாரும் வர்றாங்க. பொறந்த வீட்ல உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும்னு ஆசைப்படறார்.”

“ஜூன்ல சனிக்கிழமையா?” ரெமி முன்பதிவு ஏட்டைப் புரட்டினார். “அது சீசன் அக்கா. நவம்பர்ல வெச்சுக்கலாமே.”

“பொறந்த நாளையா?”

“நவம்பர்ல வீடு சும்மாதான் கிடக்கும். ஹீட்டர் போட மாட்டோம், அவ்வளவுதான்.”

“அன்னிக்கு யாராவது கேட்டிருக்காங்களா இப்ப?”

“இன்னும் இல்ல. ஆனா கேப்பாங்க. அந்தத் தேதியைக் குடும்பங்களுக்காக ஒதுக்கி வெச்சிருக்கேன்.”

“அப்ப நாங்க யாருடா?”

“நீங்க சொந்தக்காரங்க,” என்றார் ரெமி, மிகுந்த பாசத்தோடு.

ஒடில் தொலைபேசியை வைத்துவிட்டார். அவர் முப்பது வருடம் நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவர்.

எங்கள் பக்கத்தில் தனி மனிதனுக்கு மரியாதை கிடையாது. சங்கத்துக்குத்தான் மரியாதை. இரண்டு பேர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், சங்கம் பிறந்துவிடும். நத்தை நண்பர்கள், பழைய டிராக்டர் அபிமானிகள், மூடிய தபால் நிலையத்தின் ஆதரவாளர்கள் என்று எங்கள் ஊரில் ஆளைவிடச் சங்கம் அதிகம். எனவே, பத்து நாள் கழித்து முத்திரையும் பதிவு எண்ணும் போட்ட கடிதம் வந்தபோது ரெமி எழுந்து நின்று படித்ததில் வியப்பில்லை. ‘எண்பதாம் அறுவடை நண்பர்கள் சங்கம்’ தன் முதல் மகாசபையை ஜூன் பதினான்கில் நடத்த விரும்பியது. உறுப்பினர் இருபத்திரண்டு பேர். செயலாளரின் கையெழுத்து புரியவில்லை. பெரிய மனிதர்களின் கையெழுத்து புரியாது என்று ரெமி எடுத்துக்கொண்டார்.

“சில்வேன், சங்கம் வருது.”

“என்ன சங்கம்?”

“அறுவடை சம்பந்தமா ஏதோ. கௌரவத் தலைவரெல்லாம் இருக்கார்.”

உடனே அக்காவைக் கூப்பிட்டார். “பாத்தியா, நான் சொன்னேன்ல? அன்னிக்கு ஒரு சங்கம் கேட்டிருக்கு. சங்கத்துக்கு வாக்குக் குடுத்துட்டு மாத்த முடியுமா, நீயே சொல்லு.”

“மாத்தவே கூடாது,” என்றார் ஒடில். “எழுத்துல உறுதி குடுத்துட்டியா?”

“இன்னும் இல்ல.”

“இன்னிக்கே குடுத்துடு.”

அக்காவின் பெருந்தன்மை ரெமியை உலுக்கிவிட்டது. அப்பாவை நினைத்தால் அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தத்தில் நீச்சல் குளத்தை இரண்டு முறை சுத்தம் செய்தார்.

ஜூன் பதினான்கு காலை பதினோரு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒயின் பாட்டிலுமாக அவர் வாசலில் நின்றார். முதல் காரிலிருந்து ராவுல் இறங்கினார். டை கட்டியிருந்தார். சட்டைப் பையில் ‘கௌரவத் தலைவர்’ என்று அட்டை தொங்கியது. பின்னாலேயே செயலாளர் ஒடில், பொருளாளர் அத்தான், பிள்ளைகள், சித்தப்பா வீட்டார் என்று மொத்தம் இருபத்திரண்டு பேர்.

ரெமிக்கு முகம் சிவந்தது. ஆனால் ஆறு வருடமாகச் சொல்லிப் பழகிய வரவேற்புரை தானாகவே கிளம்பிவிட்டது. “நல்வரவு. இந்த வீட்டை ஓர் எளிய விவசாயி கட்டினார்...”

“எங்க அப்பா,” என்றார் ராவுல். “எளியவர்லாம் இல்ல. ஊர்ல பாதிப் பேரோட பேச்சுவார்த்தை கிடையாது. நீங்க சொல்லுங்க சார்.”

பெற்ற அப்பா ‘சார்’ என்றது ரெமிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சுற்றிக் காட்டினார். தொட்டிக் குளியலறை முன்னால் ராவுல் நெடுநேரம் நின்றார்.

“இதுக்குள்ள இறங்கி நாப்பது வருஷம் தேய்ச்சிருக்கேன். அப்பல்லாம் யாரும் துவாலை குடுக்கல.”

பகல் சாப்பாட்டுக்கு நீண்ட மேசையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சுட்ட ஆட்டுத்தொடையின் மணம் வேலி வரை போயிற்று. ஒடில் தம்பியைப் பார்த்தார்.

“ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு உக்காருடா.”

“ஆட்சேபணை,” என்றார் அத்தான். “இவர் உறுப்பினர் இல்ல.”

உடனே அவசர மகாசபை கூடியது. ரெமி கோசாத்தைச் சேர்த்துக்கொள்ளும் தீர்மானம் முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்டது. இருபத்திரண்டு கைகளும் உயர்ந்தன. ராவுலின் கைதான் முதலில் உயர்ந்தது, கடைசியாக இறங்கியது.

ரெமி நாற்காலியின் முதுகைப் பிடித்தார். உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது, வயிறும் நெஞ்சும் சேர்ந்து கேட்டன. அப்போது சுவரில், அவரே சட்டம் போட்டு மாட்டிய பதினான்காவது விதி கண்ணில் பட்டது: ‘மேசையில் இருபத்திரண்டு பேருக்கு மேல் அனுமதி இல்லை.’

“இருபத்திமூணு ஆயிடுமே,” என்றார்.

அவர் நாற்காலியை விட்டுவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் வலப் பக்கமாக நின்று, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஒயின் ஊற்றினார். கேக் வெட்டியபோது, “சாருக்கு ஒரு துண்டு குடுங்க, பாவம், நின்னுக்கிட்டே இருக்கார்,” என்றார் ராவுல்.

மறுநாள் கார்கள் போன பிறகு, ரெமி வழக்கம்போல விருந்தினர் கருத்துப் புத்தகத்தைத் திறந்தார். அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்து அரைப் பக்கத்துக்கு இருந்தது.

“வீடு மிகச் சுத்தம். கட்டில் சௌகரியம். தொட்டியில் வெந்நீர் வருகிறது. வீட்டுக்காரர் தங்கமானவர், நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை எங்கள் முன்னால் உட்காரவே இல்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தகப்பன் எங்கே இருக்கிறாரோ தெரியாது. அவரையும் ஒரு நாள் இந்த வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடும்படி சங்கம் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது.”