ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு என் வலது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கு உன் நலமும் மாமாவின் நலமும் அறிய ஆவல். கிழித்துப் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிடு. கிழிப்பதற்கான காரணங்கள் கடைசிவரை இருக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு எங்கள் மன்றத்துக் கலைவிழாவுக்கு நீ வர வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் என் நாடகத்தைப் பார்க்க வந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. மன்றத்து வாசலில் நாலு படி. சக்கர நாற்காலியோடு உன்னை நாலு பேர் தூக்கினோம். "பாத்து, பாத்து, அப்படியே திருப்பு, செவுத்துல இடிக்குது" என்று நான் போட்ட சத்தத்தில், யாரோ பீரோ ஏற்றுகிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் கைகொடுக்க ஓடி வந்தார். கூட்டம் கைதட்டியது. அதைப் படம் எடுக்கச் சொல்லி, விழா மலரில் 'மனிதநேயம்' என்று தலைப்புக் கொடுத்துப் போட்ட புண்ணியவானும் நான்தான். "நான் நாடகம் பாக்க வந்தேன்டா. என்னையே நாடகமாக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு நீ மன்றத்து வாசலை மிதிக்கவில்லை. (பார், என் வாய் எங்கே போகிறது என்று.) இப்போதும் திரை தூக்கியதும் நான் முதலில் தேடுவது உன்னைத்தான். நீ இல்லாத நாடகம் எனக்கு ஒத்திகை மாதிரியே இருக்கிறது, அக்கா.

அதனால் இந்த முறை செயற்குழுவில் எழுந்து, மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் வசதியாக வந்து பார்க்கும்படி விழா நடக்க வேண்டும் என்று முழங்கினேன். முழங்கியவன் தலையிலேயே பொறுப்பைக் கட்டிவிட்டார்கள். என்னைத் தலைவராகக் கொண்டு ஐந்து பேர் குழு. ஐவருக்கும் சேர்த்துப் பத்துக் கை, பத்துக் கால், பத்துக் கண், பத்துக் காது. அத்தனையும் ஒழுங்காக வேலை செய்கின்றன. அதைத்தான் நாங்கள் தகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். "ஏங்க, இதெல்லாம் அண்ணியை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுச் செய்யக் கூடாதா?" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி. "வந்து பாத்து அசந்து போகட்டும்டி" என்றேன். எங்கள் முதல் சாதனை ஓர் அறிவிப்புப் பலகை. 'படியேற இயலாதோர் உதவிக்கு மாடியில் உள்ள அலுவலகத்தை அணுகவும்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம். ஒன்பது நாள் அது வாசலில் நின்றது. நான் தினமும் இரண்டு முறை அதைப் படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டு மாடியேறினேன்.

அடுத்து சாய்தளம். முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது ஒரு கணக்கா? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். வாசல் இரண்டடி உயரம், ஆகவே இருபத்துநாலடி. ஆனால் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த இடம் பத்தே அடி. கணக்கை மாற்ற முடியாது, தெருவையும் தள்ள முடியாது என்று யோசித்து, கடைசியில் கணக்கையே மாற்றிவிட்டேன். தச்சர் எட்டடிப் பலகையைச் சாய்த்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், இதுல ஆடு ஏறும். வேற யாரு ஏறப்போறாங்க?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மருந்துக்கடையில் ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்கு வாங்கி, அதில் நானே உட்கார்ந்து, நானே சக்கரத்தைத் தள்ளி ஏறினேன். பாதி தூரத்தில் கை ஓய்ந்தது. நாற்காலி பின்பக்கமாகப் புறப்பட்டது. நான் "பிடிங்க, பிடிங்க" என்று கத்த, குழுவில் மற்ற நாலு பேரும் மரியாதையாக விலகி வழிவிட, 'அனைவரும் வருக' என்று எழுதியிருந்த தட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவில் கிடந்தேன். அப்போது வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், பார்வை கிடையாது. "யாருங்க விழுந்தது?" என்று கேட்டார். "குழுத் தலைவர்" என்றார்கள். "எந்தக் குழு?" என்றார். "மாற்றுத்திறனாளிகள் வசதிக் குழு" என்று நானே படுத்தபடி சொன்னேன். அந்தம்மா கோலை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார் பார், இன்னும் என் காதில் கேட்கிறது.

சிரித்து முடித்ததும், எங்கள் விழாவுக்கு இரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர் தாம்தான் என்றார். பதில் வராததால் நேரிலேயே வந்தாராம். பார்வையற்றோருக்கு நாடகத்தைக் காதில் விளக்கிச் சொல்லும் ஏற்பாடும் உண்டு என்று நான் பீற்றிக்கொண்டேன். விளக்கப்போவது யார் என்று கேட்கிறாயா? அடியேன்தான். அன்றே ஒத்திகையில் அவர் காதில் கருவியை மாட்டிவிட்டு, ஒலிவாங்கியைப் பிடித்துத் தொடங்கினேன். கதாநாயகி அழுகிறாள் என்றேன். ஐயோ பாவம் என்றேன். இந்த இடம் எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது என்றேன். இவளை ஏமாற்றியவன் யார் என்பது கடைசிக் காட்சியில் தெரியும், அந்த வக்கீல்தான் என்றேன். அந்தம்மா கருவியைக் கழற்றிவிட்டார். "சார், அவ அழுறது எனக்கே கேக்குது. திடீர்னு எல்லாரும் அமைதியானாங்களே, அப்ப அவ கையில என்ன இருந்துச்சு? அதச் சொல்லுங்க." கையில் இருந்தது ஒரு சாவி. நாடகமே அந்தச் சாவியில்தான் நிற்கிறது. எழுதியவன் நான், அதைச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என் வாய்க்குப் பூட்டு. அந்தம்மா சொல்ல, நாங்கள் செய்தோம். தச்சர் சாய்தளத்தைச் சுவரோரமாக மடக்கி, நடுவில் இளைப்பாற ஒரு சமதளம் விட்டு, இருபத்துநாலடிக்குக் கட்டிவிட்டார். அந்தம்மாவின் ஆஸ்பத்திரிக் காசாளர் தம் சக்கர நாற்காலியில் யார் உதவியும் இல்லாமல் ஏறிப்போய், மேலே நாற்காலியை நிறுத்தித் தலை வாரிக்கொண்டார். அகலக் கதவு வைத்த கழிப்பறை ஒன்று ஏற்கெனவே இருந்தது, அக்கா. என் பழைய நாடகத்து அட்டைச் சிம்மாசனத்தை அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். வெளியே எடுத்துவிட்டேன். முதல் வரிசையில் உன் நாற்காலிக்கு நடுவான இடம். தூண் மறைக்காது, உட்கார்ந்து பார்த்துவிட்டேன். யாரும் உன்னைத் தொட மாட்டார்கள், தூக்க மாட்டார்கள், கைதட்ட மாட்டார்கள். நீ பாட்டுக்கு வந்து, நாடகம் நன்றாயில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதைக் கேட்டுத்தான் மூன்று வருடமாகிறது.

மாமாவுக்கு என் வணக்கம். உன் தம்பி பெண்டாட்டி உன்னை விசாரித்தாள். என்னைத் திட்டி எழுதும்படியும் கேட்டுக்கொண்டாள். எதற்கும் துணிந்து, உன் ஆசியை எதிர்பார்க்கும்,

அன்புத் தம்பி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அச்சகத்திலிருந்து நிகழ்ச்சி நிரல் பிழைதிருத்த வந்தது. மூன்றாம் நாள், மாலை ஆறு மணி, தனி வயலின் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. அச்சுப்பிழை என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். சந்தேகத்துக்கு இசை நிகழ்ச்சித் தேர்வுக் குழுவைக் கேட்டேன். பிழை இல்லையாம். நீயே விண்ணப்பித்தாயாம். பெயரை மறைத்து ஒலிப்பதிவை மட்டும் கேட்டு, உன்னை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தார்களாம். மேலே எழுதியதில் ஒரு வரிகூட உன்னை மேடையேற்றாது, அக்கா. நான் கட்டியதெல்லாம் வந்து பார்க்கிறவர்களுக்கு. மேடைக்கு ஆறு படி. பக்கத்தில் ஒரு பலகைகூட இல்லை. நீ மேடைக்கு வருவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தச்சரை நிறுத்தி வைத்திருக்கிறேன். எந்தப் பக்கமாக ஏற உனக்கு வசதி, இடமா, வலமா? நீ வாசித்துப் பார்த்து எத்தனையோ வருடம், எந்தக் கையில் வில் பிடிப்பாய் என்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. உடனே எழுது.