ஒரு விரற்கடை சாஸ்

போத்தலைத் தலைகீழாகப் பிடித்து அதன் அடியில் ஓங்கித் தட்டினார் வீரய்யா. ஒரு சொட்டு விழுந்தது. மறுபடி தட்டினார். அடுத்த சொட்டு கழுத்து வரைக்கும் வந்துவிட்டு, வெளியே வர மனமில்லாமல் நின்றுகொண்டது.

"முடிஞ்சுதாண்ணே?" என்றாள், பங்களாவின் பின்கட்டிலேயே தங்கிக் கூட்டித் துடைக்கும் ராக்காயி. குசினி வாசலில் துடைப்பத்தோடு நின்றாள்.

"போத்தலும் முடிஞ்சுது, நானும் முடிஞ்சேன்."

"புதுசு எப்ப வரும்?"

"வந்தாத்தானே!"

டயகமவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துப் பங்களாவில் வீரய்யா எட்டு வருஷமாகச் சமையல்காரர். துரைக்குக் காலைச் சாப்பாடு என்றைக்கும் ஒன்றுதான். இரண்டு பாண் ரொட்டித் துண்டுக்கு நடுவே, துரைமார் பேக்கன் என்று சொல்லும் உப்புப் போட்ட பன்றி இறைச்சி. பக்கத்தில் மிளகுத்தூளும், இங்கிலாந்திலிருந்து வரும் கறுப்பு சாஸும். துரை சாப்பிடும்போது யாரும் உள்ளே நிற்கக் கூடாது. மணி அடித்தால்தான் போகலாம். ஆகவே துரை அந்த சாஸை எப்படிச் சாப்பிடுகிறார் என்று வீரய்யா கண்டதில்லை. போத்தலைத்தான் கண்டார். தினமும் சரியாக ஒரு விரற்கடை குறையும்.

முன்பிருந்த சமையல்காரர் மூக்கன் வேலையை ஒப்படைக்கும்போதே எச்சரித்திருந்தார். "எதுல வேணா கோட்டை விடு வீரய்யா. அந்தப் போத்தல் மட்டும் காலியாவக் கூடாது. தொரைக்கி அது இல்லாம எறங்காது."

இப்போது காலியாகிவிட்டது. வெளிநாட்டுச் சாமான்களுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்த அந்த அறுபத்திரண்டாம் வருஷத்தில், ஹட்டன் கடைக்காரர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையோ கொழும்பிலிருந்து பெரிய துரை தோட்டத்தைப் பார்வையிட வருகிறார். நம் துரை முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "வீரய்யா, அன்னிக்கி சாப்பாடு பிசகினா, நீ கவ்வாத்துக்குப் போ!"

கவ்வாத்து என்றால் மழையிலும் அட்டைக்கடியிலும் தேயிலைச் செடி வெட்டுகிற வேலை. நாற்பத்தெட்டு வயதும் முழங்கால் வலியுமாக வீரய்யாவால் ஒரு நாள்கூடத் தாங்க முடியாது.

புதன்கிழமை காலை, போத்தலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, மேசையில் வைத்தார். துரை சாப்பிட்டுக் குதிரையேறிப் போனார். மத்தியானம் பார்த்தால் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது!

தண்ணீர் கலந்தால் தொடமாட்டார் என்று பார்த்தால், மனிதர் இரட்டிப்பாக அல்லவா ஊற்றிக்கொள்கிறார்? வீரய்யாவுக்குப் பயத்தையும் மீறிக்கொண்டு ஓர் ஆசை வந்தது. அப்படி என்னதான் இருக்கிறது இந்தப் போத்தலில்?

எட்டு வருஷத்தில் அவர் அதை நக்கிக்கூடப் பார்த்ததில்லை. கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு அசைவத்தை விட்டவர். வயிற்றுப்பாட்டுக்காகக் கையால் தொடலாம், நாக்கில் படக் கூடாது என்பது முருகனோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம். பன்றிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற சாஸை மட்டும் எப்படி நம்புவது?

போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு தோட்டப் பாடசாலைக்குப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த துரைராசா வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார்.

"புளி, பேரீச்சம்பழம், வினாகிரி, சீனி, வாசனைச் சாமான். உவ்வளவுந்தான்."

"எறைச்சி இல்லீங்களா?"

"மருந்துக்கும் இல்லை."

"எவ்வளவு எவ்வளவு போடணும்னு எழுதியிருக்குங்களா?"

"அதைச் சொன்னால் அவன் எப்பிடி வியாபாரம் செய்யிறது? என்னைக் கேட்டால், நல்ல யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஒரு கரண்டி போட்டுப் பாரும். எந்தச் சாமானும் திருந்தும்."

அன்று சாயங்காலம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் அடுப்பேறியது. இறைச்சி இல்லை என்று வாத்தியார் சொல்லியும் வீரய்யாவின் நாக்கு துணியவில்லை. ஆகவே ருசி பார்க்கும் பொறுப்பு ஊர்ப்பொதுவாகிவிட்டது.

"புளிப்பு பல்லைக் கூசுதுங்க" என்றாள் மனைவி நாகலெட்சுமி. கருப்பட்டி விழுந்தது.

"இது என்னா, பாயாசமா? ஒறைப்பே இல்லியே" என்றாள் பக்கத்து வீட்டுக் காளியாயி. மிளகாய் விழுந்தது.

"எல்லாம் சரி, தொண்டையில நிக்க மாட்டேங்குதே" என்றார் எதிர் வீட்டுச் சிவசாமி. அது நிற்பதற்காக இன்னும் கொஞ்சம் கருப்பட்டி. வாத்தியார் மனம் நோகக் கூடாதென்று ஒரு கரண்டி கறித்தூள். ருசி பார்க்க வந்தவர்கள் ரொட்டியோடு வர ஆரம்பித்ததும் நாகலெட்சுமி கதவைச் சாத்தினாள்.

நிறம் கறுப்பு, வாசம் கமகம. வெள்ளிக்கிழமை காலை போத்தல் நிறைய ஊற்றி, முருகா என்று மேசையில் வைத்தார்.

மத்தியானம் கால் போத்தலைக் காணோம்.

சனிக்கிழமை இன்னும் அரைப் போத்தலைக் காணோம்.

"தொரை அப்படியே குடிக்கிறாரு போலிருக்கு!" என்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். பெருமை பிடிபடவில்லை. இந்த வேகத்தில் போனால் பெரிய துரைக்கு மிஞ்சாது என்று இன்னொரு சட்டி காய்ச்ச வேண்டியதாயிற்று. லயத்தில் இருந்த புளியெல்லாம் தீர்ந்தது. அன்று பன்னிரண்டு வீட்டில் ரசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டு துரைமாரும் மேசையில் உட்கார்ந்தார்கள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, வீரய்யா கதவிடுக்கில் கண்ணை வைத்தார்.

பெரிய துரை போத்தலைக் கவிழ்த்தார். கடித்தார். முகம் செக்கச்செவேலென்று சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது. இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார். வீரய்யாவுக்குக் கண்ணெதிரே கவ்வாத்துக் கத்தி தெரிந்தது. பெரிய துரை மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் போத்தலைக் கவிழ்த்தார்!

நம் துரையோ, தன் சாண்ட்விச்சில் கொஞ்சம் மிளகுத்தூளைத் தூவிக்கொண்டார். போத்தலை ஒரு விரலால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அவ்வளவுதான்.

மணி அடித்தது.

"வீரய்யா, பெரிய தொரைக்கி இந்த சாஸ் நல்லா புடிச்சிருக்கு. போறப்போ ஒரு போத்தல் குடு."

"சரிங்க தொரை."

வீரய்யா குசினிக்குத் திரும்பினார். பெரிய துரைக்குப் பிடித்து என்ன பயன்? சம்பளம் தருகிறவர் தொடவே இல்லையே! விருந்தாளிக்கு முன்னால் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். நாளைக்கு விடிந்ததும் கத்தியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். வீரய்யா பலகையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கண்டுபுடிச்சிட்டாரு ராக்காயி. நேத்து அரைப் போத்தல் சாப்பிட்டவரு, இன்னிக்கி ஒரு சொட்டு தொடல. என்னைய மலைக்கி அனுப்பப் போறாரு."

ராக்காயி தன் உள்ளங்கைகளை ஊதிக்கொண்டே அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"தொரை என்னிக்கிண்ணே அதத் தொட்டாரு? மூக்கண்ணன் காலத்துலேருந்து நாந்தானே அதப் போட்டு பங்களாவுல உள்ள பித்தளைக் கைப்பிடியெல்லாம் தேய்க்கிறேன். இந்தத் தடவ என்னத்தப் போட்டுத் தொலைச்சானுங்களோ, எவ்வளவு ஊத்தித் தேய்ச்சும் பளபளப்பு வரல, கையி எரியுது, கைப்பிடி பூராம் எறும்பு!"