ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு கப்பல்

கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, கப்பல் எந்த நிமிஷமும் முழுகலாம் என்று தயாராக இருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், இன்னொருவர் கிடையாது. அவரைக் கப்பல் என்றுதான் கூப்பிடுவோம். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

குன்னூரில் தேயிலைக் காட்டை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேலாளராக எட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். அங்கேதான் அவர் வந்து சேர்ந்தார். பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் குடும்பம். பன்னிரண்டு வருடம் வெளிநாட்டு உல்லாசக் கப்பல்களில் வேலை பார்த்தவர். இன்ஜினா, சமையலா என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்லீங்க. பன்னெண்டு, பதிமூணு, பதினாலு வயசுப் புள்ளைங்களப் பாத்துக்கிற வேலைங்க."

"இப்படியெல்லாமா ஒரு வேலை இருக்கு?"

"குடும்பத்தோட கப்பல்ல வர்றாங்கல்லங்க? அதுல சின்னப் புள்ளைன்னா கையப் புடிச்சுக்கலாம். பதினஞ்சுக்கு மேலன்னா கைய விட்டுரலாம். நடுவுல ஒரு மூணு வருஷம் இருக்குதே, புடிச்சாலும் தப்பு, விட்டாலும் தப்பு. அதுங்கதான் நம்ம டிபார்ட்மெண்ட்."

எங்கள் ரிசார்ட்டிலும் அந்த வயதுப் பிள்ளைகளால் பெரிய தலைவலிதான். ஊஞ்சலில் ஆடச் சொன்னால் கேவலமாகப் பார்ப்பார்கள். பூங்காவுக்குக் கூப்பிட்டால் கால் வலிக்கும். வரவேற்பறை சோபாவில் செல்போனும் கையுமாகச் சரிந்து கிடப்பார்கள். திருப்பூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோகும் எங்கள் முதலாளி அதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய், இவரை வேலைக்கு எடுத்து, சமையலறைக்குப் பின்னால் இருந்த பழைய விறகு அறையை ஒழித்துக் கொடுத்தார்.

முதல் நாள் வேலைக்கு வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! ஆடி மாத மழையில் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ. வாசலிலிருந்து விறகு அறைக்குப் போவதற்குள் முட்டிவரை சேறு. "கப்பல்ல சேறு இருக்காதுங்க" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார், சேற்றை நான்தான் கொண்டுவந்து போட்டமாதிரி.

அறை என்று சொன்னால் அவருக்குக் காதில் விழாது, கேபின் என்று சொல்ல வேண்டும். மாடி, டெக். பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கத்துக்குக் கடல் பக்கம் என்று பெயர் வைத்துவிட்டார். தொத்து வியாதி மாதிரி இரண்டே மாதத்தில் சமையல் மாஸ்டர், ரூம் பையன்கள் எல்லாரும் அப்படியே பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று என்னிடம் சண்டைக்கு வந்தது. "ஏனுங்க, கடல் பக்கம் ரூம் போட்டிருக்கறதாச் சொன்னீங்களே, காலைல இருந்து தேடறோம், கடல் எங்கீங்க?" சொன்னவன் வேறு யாருமில்லை, நானேதான்.

விறகு அறை வாசலில் ஒரு பலகை மாட்டினார். '12, 13, 14 மட்டும். பெற்றோர் கதவைத் தட்டவும் வேண்டாம்.' சும்மா ஒப்புக்கு எழுதியதல்ல. ஆதார் அட்டையை வாங்கிப் பிறந்த தேதி பார்ப்பார். பதினைந்து முடிந்து ஒரே ஒரு நாள் ஆன பையன், நேற்று வெட்டிய கேக்கோடு வந்து கெஞ்சினான். கேக்கை வாங்கிக்கொண்டு பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளியின் மச்சினர் மகன் பதினொன்றரை வயசு. அவனுக்கும் அதே கதிதான். "ஆறு மாசம் கழிச்சு வாங்க தம்பி" என்று மரியாதையாகவே சொன்னார்.

உள்ளே என்னதான் நடக்கும் என்று எங்களுக்கெல்லாம் ஒரே குறுகுறுப்பு. துண்டை மடித்து யானை, குரங்கு செய்வார்கள். கப்பலில் அது பிரசித்தமாம். எங்கள் ஊருக்கு ஏற்றபடி காட்டுமாடு செய்யச் சொல்லிக் கொடுத்தார். ஒரு காட்டுமாட்டுக்கு நாலு துண்டு. கோடை விடுமுறையில் ஒரு நாள் குளிக்கப் போன விருந்தாளிகளுக்குத் துண்டே இல்லை. அறையைத் திறந்து பார்த்தால், அத்தனையும் கொம்பு வைத்துக்கொண்டு மேஜைமேல் மேய்ந்துகொண்டிருந்தன. சலவைக்கார அம்மா அன்று அவரைத் திட்டிய திட்டை இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

ஆனால் அவருடைய உயிர் இருந்தது ஒரு நீள நோட்டில். பேர், வயசு, எங்கே போகிறேன், எப்போது வருவேன், வந்துவிட்டேன் என்று அதில் ஐந்து கட்டம். பிள்ளைகள் அதில் எழுதிவிட்டு, கழுத்தில் விசிலோடு, வளாகத்துக்குள்ளும் ஒட்டிய தேயிலைக் காட்டுக்குள்ளும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கூட யாரும் வரமாட்டார்கள். பெற்றோர்கள் இதைக் கேட்டதும் அலறுவார்கள்.

"அவன் தனியா கையெழுத்துப் போட்டுட்டுப் போவானா? விளையாடறீங்களா?"

"சொன்ன நேரத்துக்கு வருவாருங்க. நீங்களும் எழுதிட்டுப் போங்க. நீங்க எங்க போறீங்க, எப்ப வருவீங்கன்னு அவருக்கும் தெரிய வேணாமுங்களா?"

ஆமாம், பெற்றோர்களுக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தார்! பெரும்பாலோர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளைகள் நோட்டை நான் அவ்வப்போது திருட்டுத்தனமாகப் புரட்டுவேன். 'போகுமிடம்: அம்மாவோடு சண்டை போட. 10 நிமிடம்.' 'போகுமிடம்: சிக்னல் தேடி.' ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'காட்டுமாடு வழியில் நின்றதால் தாமதம்.' அதன் பக்கத்தில் கப்பல் பச்சை மையில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். கடைசிக் கட்டம் அத்தனையும் நிரம்பாமல் அந்த மனிதர் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. நான் ஆறு மணி அடித்தால் பையைத் தூக்குகிறவன். "அதான் எல்லாரும் ரூம்ல இருக்காங்களே, நீங்களே டிக் போட்டுட்டுக் கெளம்புங்க கப்பல்" என்பேன். "அவங்க வந்து போடணுமுங்க" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

இந்த ஆளுக்கு வினை வந்தது ஆரஞ்சு நிறத்தில். எங்கிருந்தோ இருபது லைஃப் ஜாக்கெட் வரவழைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் நாலு மணிக்கு ஒத்திகை. ஏழு சின்ன விசில், ஒரு நீள விசில், கப்பலில் அதுதான் அபாயச் சங்காம். கேட்டதும் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கேட்டுக்குக் கீழே இருக்கிற பெரிய சில்வர் ஓக் மரத்தடிக்கு வந்து வரிசையாக நிற்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை முதலாளியின் கார் சரியாக அதன் நடுவில் வந்து நின்றது.

"ஏப்பா, கடலே இல்லாத ஊர்ல இது எதுக்குப்பா?"

"கப்பல் முழுகினாத்தான் புள்ளைங்க தொலையுமுங்களா சார்?"

முதலாளிக்கு எதிர்ப்பேச்சு பிடிக்காது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க மேனேஜர், இந்த மே மாசம் முடியட்டும். ஒரே ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்தாலும் அந்த ரூம எண்ணெய் மசாஜுக்கு விட்டுப்போடலாம். இவரு கப்பலுக்கே போகட்டும்."

அதைச் சொல்ல நானே போனேன். கப்பல் ஜாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். பிறகு, "கப்பலுக்குப் போனா மறுபடி ஒம்பது மாசம் தண்ணிதாங்க" என்றார். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கு சார். கோயமுத்தூர்ல நர்சிங் படிக்குது. அதுக்குப் பதிமூணு வயசா இருக்கறப்ப நான் நடுக்கடல்ல ஊரான் புள்ளைங்களுக்குப் பாட்டுப்போட்டி நடத்திக்கிட்டு இருந்தேன். எப்பப்பா வருவேன்னு போன்ல கேக்கும். பாக்கலாம்மான்னு சொல்லுவேன். இப்ப நான் இங்க வாம்மான்னு கூப்பிடறேன். அது, பாக்கலாம்ப்பாங்குது." ஒரு ஜாக்கெட்டை எடுத்து நானும் மடித்து வைத்தேன்.

மே மாதத்தை எப்படியாவது கம்ப்ளெய்ண்ட் இல்லாமல் ஓட்டிவிட வேண்டும் என்று அன்றிலிருந்து நானும் சேர்ந்து தவித்தேன். மூன்று வாரம் நல்லபடியாகப் போனது. கடைசிச் சனிக்கிழமை, முதலாளியே வந்து தங்கியிருந்த அன்று, வந்தது மூடுபனி.

எங்கள் ஊர்ப் பனியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வாய் டீ குடித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரில் இருக்கிற ஆளைக் காணோம் என்பது அங்கே சாதாரணம். பிள்ளைகள் பதினொரு பேர் ஜாக்கெட்டும் விசிலுமாகத் தேயிலைக் காட்டில் புதையல் தேடப் போயிருந்தார்கள். நோட்டில் திரும்பும் நேரம் 4.30 என்று இருந்தது. மணி நாலு. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அப்பா என் மேஜையைத் தட்டினார்.

"எங்கய்யா என் பொண்ணு?"

"நாலரைக்கு வந்துருவாங்க சார்."

"நாலரை வரைக்கும் நான் பஜ்ஜி தின்னுகிட்டு இருக்கணுமா?"

அவ்வளவுதான். அவர் ஓட, பின்னாலேயே மற்ற அப்பாக்கள், அம்மாக்கள் எல்லாரும் பனிக்குள் ஓடினார்கள். "பொறுங்க, பொறுங்க" என்று தடுக்கப் போன முதலாளியும் கையில் டார்ச்சோடு அந்தக் கூட்டத்திலேயே போய்விட்டார். கம்ப்ளெய்ண்ட் ஒன்றல்ல, ஒரு டஜன் என்று நினைத்துக்கொண்டு நான் சில்வர் ஓக் மரத்தடிக்கு ஓடினேன்.

அங்கே கப்பல் நிதானமாக ஏழு சின்னதும் ஒரு நீளமும் ஊதினார். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு தெரிந்தது. அப்புறம் இரண்டு, நாலு. 4.20க்குப் பதினொரு பிள்ளைகளும் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருத்தன் கையில் புதையல்கூட இருந்தது.

"கப்பல், புள்ளைங்க சரி. அப்பா அம்மாவெல்லாம் காட்டுக்குள்ள போயிட்டாங்க!" என்றேன், மூச்சு வாங்க.

அவர் பெற்றோர் நோட்டைத் திறந்தார். சுத்தமான வெள்ளைத் தாள்.

"எங்கம்மா எழுதவே இல்ல கப்பல்!" என்று ஒரு பெண் பொங்கினாள். "நான் மட்டும் டெய்லி எழுதறேன்!"

"அப்புறம் கோச்சுக்கலாம் பாப்பா. இப்ப ஊதுங்க."

பதினொரு விசிலும் சேர்ந்து ஊதின. ஊதினார்கள், நிறுத்தினார்கள், மறுபடி ஊதினார்கள். தேயிலைக் காட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாய் "ஐயோ", "யாருங்க அது", "இந்தப் பக்கமா?" என்று குரல்கள் கேட்டன. சேறும் சிராய்ப்புமாகப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் பிள்ளை நிறுத்தி, பேர் கேட்டு, நோட்டில் எழுதி டிக் போட்டது. மேஜையைத் தட்டிய சென்னை அப்பா ஒற்றைச் செருப்போடு வந்தார். மகள் அவரை ஏற இறங்கப் பார்த்து, "சொல்லிட்டுப் போக மாட்டியாப்பா? நான் எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா?" என்றாள். அந்த ஆள் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

எல்லாரும் வந்தாகிவிட்டது, முதலாளியைத் தவிர. அரை மணி நேரம் விசில் ஊதிப் பார்த்துவிட்டு, நானும் கப்பலும் சத்தம் கொடுத்துக்கொண்டே இறங்கினோம். நாலாவது தேயிலை வரிசையில் முதலாளி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். "கிட்ட வராதீங்க, காட்டுமாடு" என்று மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார். எதிரில், தார்ப்பாய் போட்டு மூடிய உர மூட்டைகள் இருந்தன. கப்பல் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய மனசு. நான் இருமுகிற மாதிரி சமாளித்தேன்.

மரத்தடியில் நோட்டோடு நின்ற அந்தச் சென்னைப் பெண் முதலாளியையும் விடவில்லை. "அங்கிள், ஏன் லேட்டுன்னு எழுதணும்." முதலாளி பேனாவை வாங்கித் தன் கையாலேயே எழுதினார்: 'காட்டுமாடு வழியில் நின்றதால் தாமதம்.' கப்பல் வாங்கிப் படித்துவிட்டு, பச்சை மையில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார்.

காரில் ஏறும்போது முதலாளி என்னிடம், "அந்த எண்ணெய் மசாஜ மாடில எங்காச்சும் வெச்சுக்கலாமுங்க மேனேஜர்" என்றார். நான் விறகு அறைக்கு ஓடின வேகத்தில் என் முழங்காலே ஆச்சரியப்பட்டது.

அன்றைக்கு எந்தப் பிள்ளையோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பிள்ளைகளோடு ஒரு ஆள் தேயிலைக் காட்டில் நின்று, அப்பா அம்மாக்களுக்கு வருகைப் பதிவு எடுக்கிறார். அது கோயமுத்தூரில் ஒரு நர்சிங் ஹாஸ்டலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஜூன் மாதம், நல்ல மழை நாளில், குடையோடு ஒரு பெண் வரவேற்பறைக்கு வந்தாள். "கப்பல் இருக்காருங்களா?" என்றாள். யாரென்று கேட்டேன். "அவரு பொண்ணுங்க. அப்பா என்ன வேலை செய்யறாருன்னு இப்பத்தான் பாத்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் குடைகூட எடுக்காமல் கூட்டிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த கப்பலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கத்தில், அந்த நோட்டை எடுத்து நீட்டினார். அவள் பலகையைப் படித்தாள், பேனாவை வாங்கி எழுதினாள். நான் தோள்வழியாக எட்டிப் பார்த்தேன், என் புத்தி அப்படி. பேருக்குப் பக்கத்தில், வயசு: 13. போகுமிடம்: அப்பாவோடு டீ குடிக்க.

"எப்ப வருவோம்ப்பா?" என்றாள்.

கப்பல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பதினைந்தும் ஒரு நாளும் ஆன பையனைத் திருப்பி அனுப்பிய மனிதர், ஆதார் கேட்கவில்லை. "ஆறு மணின்னு போடும்மா" என்றார். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரே குடையில் இரண்டு பேரும் போனார்கள்.

ஆறு அடித்தது. ஆறரையும் ஆனது. நான் டிக் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கடைசிக் கட்டம் காலியாக இருந்த அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு விறகு அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழரைக்கு நனைந்துகொண்டு சிரித்தபடி வந்தார்கள். ஏன் தாமதம் என்று கேட்க வேண்டியவன் நான்தான். கேட்கவில்லை. பச்சை மைப் பேனாவை எடுத்து 'ஏற்கப்பட்டது' என்று எழுதி, முதல் தடவையாக அந்த நோட்டில் என் கையெழுத்தைப் போட்டேன்.