ஹோல்டான் அக்காவின் செவ்வாய்க்கிழமைப் பிறந்தநாள்

மின்னல் வேகத்தில் போக வேண்டிய டிரங்க் காலை மாட்டுவண்டி வேகத்தில் அனுப்பத் தெரிந்த ஒரே மனுஷி இந்த உலகத்தில் ஹோல்டான் அக்காதான். நானாகச் சொல்லவில்லை. ஆரணிப் பட்டு வியாபாரிகள் அத்தனை பேரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறார்கள். சிலர் அதற்கு முன்னும் பின்னும் இங்கே எழுத முடியாத சில வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது, அக்கா அங்கே சீனியர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் அது. சாதாரணக் கால், அர்ஜன்ட் கால், எல்லாவற்றுக்கும் மேலே லைட்னிங் கால். அக்காவுக்கு மூன்றும் ஒன்றுதான். எதைக் கேட்டாலும் முதல் பதில், லைனிலேயே காத்திருக்கச் சொல்லும் "ஹோல்டான்". அதை அவர் சொல்கிற அழகே தனி. ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிவிட்ட மாதிரி, "ஹோ...ல்...டான்" என்று அது போய்த் திரும்பி வரும். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதினால் ஆரணியில் யாருக்கும் அடையாளம் தெரியாது.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கோபத்தில் இருக்கிறவருக்கு லைன் கொடுக்க மாட்டார். ஜரிகை வந்து சேரவில்லை என்று ஒரு பட்டுக் கடை முதலாளி சூரத்துக்கு லைட்னிங் கால் கேட்டார். கேட்கும்போதே குரல் கொதித்தது. அக்கா ஹோல்டான் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்தீர்களா, மகளுக்கு எத்தனையாவது மாசம், வாந்தி நின்றதா என்று நிதானமாக விசாரித்தார். ஒருவழியாக லைன் கிடைத்தபோது முதலாளி சூரத்துக்காரரிடம் தனக்குப் பேரன் பிறக்கப்போகும் செய்தியைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். ஜரிகை ஞாபகம் வந்து மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் ஹோல்டான்.

களம்பூர் ரைஸ் மில்காரர் ஒருவர் மாப்பிள்ளையைத் திட்டுவதற்கென்றே வேலூருக்குக் கால் போடுவார். அக்கா அந்தக் காலை அவர் திட்டுகிற மூடு தீரும்வரை இழுத்தடிப்பார். கடைசியில் அந்த மில்காரரே வேலூரில் இருந்த மேலதிகாரிக்குப் புகார் எழுதினார். அதிகாரி விசாரிக்க நேரிலேயே வந்து இறங்கினார். அக்கா எழுந்து நின்று வணக்கம் சொல்லி, நாற்காலி போட்டு, "டீ வந்துகினு இருக்குது, ஒக்காருங்க சார்" என்றார். டீ வந்தது. அதிகாரி குடித்தார். அவருடைய முதுகுவலியைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. வந்த காரியத்தை அப்படியே மறந்துவிட்டு அவர் வேலூர் பஸ் ஏறினார்.

அப்படிப்பட்ட அக்காவுக்குப் பிறந்தநாள் என்றாலே ஒரு குறை. அவர் பிறந்தது கிறிஸ்துமஸ் அன்றைக்கு. சர்ச்சில் பாட்டு, தெருவெல்லாம் நட்சத்திரம், வீட்டில் அண்ணன் குடும்பமும் தங்கை குடும்பமும், மேஜையில் பெரிய கேக். எல்லாம் உண்டு. எதுவும் அவருக்காக இல்லை. ஐம்பது வயது ஆகப்போகிறது, ஆண்டவரோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது என்று முடிவு செய்து, அந்த வருஷம் தன் பிறந்தநாளைத் தானே மாற்றி வைத்துவிட்டார். ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கொண்டாட்டம் மெட்ராஸில் கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்திருந்த பெரிய பார்க்கில். விருந்தாளிகள் நானும், என்னோடு வேலை பார்த்த கஸ்தூரியும்.

கஸ்தூரி அக்காவுக்கு நேர் எதிர். சோற்றைக்கூட பஸ்ஸைப் பிடிக்கிறவள் மாதிரிதான் சாப்பிடுவாள். பேப்பரில் அந்தப் பார்க்கின் விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து, முதலில் ராட்சத ராட்டினம், அடுத்து சுழலும் கோப்பை, அப்புறம் படகு என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எனக்கும் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. கமண்டல நாக நதியில் தண்ணீர் வந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பதுதான் அதுவரை எங்களுக்குத் தெரிந்த பெரிய வேடிக்கை.

விடியற்காலை பஸ்ஸில் அக்கா மடியில் கேக் டப்பாவை வைத்துக்கொண்டு எங்களிடம் நிபந்தனைகளைச் சொன்னார். இன்றைக்கு யாரும் ஓடக்கூடாது. வரிசையில் யாரையும் முண்டக்கூடாது. எதையும் மெதுவாகப் பார்க்க வேண்டும். பஸ் செய்யாறு தாண்டுவதற்குள்ளேயே கஸ்தூரியின் முகம் வாடிவிட்டது. அது சரி, ஏன் செவ்வாய்க்கிழமை என்று நான் கேட்டேன்.

"அன்னைக்குத்தான் மெட்ராஸுக்கு லீவு" என்றார் அக்கா.

ஊருக்கு எப்படி லீவு விடுவார்கள் என்று நீங்கள் குழம்ப வேண்டாம். மெட்ராஸ் என்பது ஓர் ஆள். மெட்ராஸ் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் எங்கள் லைனை எடுக்கிற ஆபரேட்டர் அம்மாள். நாங்கள் அவரை மெட்ராஸ் என்போம், அவர் எங்களை ஆரணி என்பார். "சொல்லுங்க ஆரணி" என்று அந்தக் குரல் வெண்கலமாக முழங்கினால் எங்கள் கையில் இருக்கும் பேனா கீழே விழும். ஆறடி உயரம், ஆண்பிள்ளை மாதிரி தோள் என்று நானும் கஸ்தூரியும் கற்பனை செய்து வைத்திருந்தோம். அக்காவும் மெட்ராஸும் பத்து வருஷத்துக்கு மேலாக, லைன் சும்மா இருக்கும்போதெல்லாம் பேசிக்கொண்டவர்கள். அக்காவின் அம்மா இறந்த அன்று முதலில் அழுதது மெட்ராஸிடம்தான். மெட்ராஸின் மகன் பரீட்சையில் தேறியதற்கு எங்கள் ரூமில் மிட்டாய் கொடுத்தார் அக்கா. ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது.

"அடுத்த மாசம் அவங்க ரிட்டயர் ஆறாங்க" என்றார் அக்கா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "வீட்டுல போன் இல்ல. இன்னிக்கு விட்டா அவ்ளோதான்."

எனக்கும் கஸ்தூரிக்கும் உடம்பெல்லாம் பரபரத்தது. ராட்டினமாவது ஒன்றாவது, மெட்ராஸைப் பார்க்கப் போகிறோம். எங்கே சந்திப்பதாக ஏற்பாடு என்று கஸ்தூரி கேட்டாள். பார்க்கில் என்றார் அக்கா. பார்க்கில் எந்த இடத்தில் என்றேன். பார்க்கில்தான் என்றார். என்ன கலர் புடவை என்றோம். புடவை எதுக்கு, குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று இருவரும் சவால் விட்டுக்கொண்டார்களாம். அக்கா மனதில் பார்க் என்றால் எங்கள் ஊர் முனிசிபல் பார்க்தான். இரண்டு சிமெண்டு பெஞ்சு, ஒரு சறுக்குமரம். அதில் ஒருவரைத் தேட என்ன சிரமம்?

கேட்டைத் தாண்டியதும் அக்கா நின்றுவிட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஜனம். தேர்த் திருவிழாவே தோற்கும். ராட்டினம் வானத்தில் சுற்றியது. ஒவ்வொரு கம்பத்திலும் ஒலிபெருக்கி சினிமாப் பாட்டைக் கத்தியது. பக்கத்தில் நின்ற கஸ்தூரி பேசுவதே எனக்குக் கேட்கவில்லை. இதில் குரலை வைத்து ஆளைப் பிடிப்பதாம்.

அக்கா கலங்கவில்லை. வயதான பெண்களாகப் பார்த்து அருகில் போய் மணி கேட்கச் சொன்னார். அவர்கள் வாயைத் திறந்தால் குரல் தெரிந்துவிடும் அல்லவா? மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் மணி கேட்டோம். தண்ணீர்க் குழாய் அருகே, டிக்கெட் வரிசையில், உருவத்தை இழுத்து நீட்டுகிற கண்ணாடி அறையில். அந்தக் கண்ணாடியில் அக்கா பனைமரம் மாதிரி நீண்டு ஒல்லியாகத் தெரிந்தார். அந்த உருவம் அவருக்குப் பிடித்துப்போய், பின்னால் நின்ற கூட்டம் முழுக்க அவருக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்து அவர் மணி கேட்ட ஓர் அம்மாள், கையில் வாட்ச் கட்டிக்கொண்டு மணி கேட்கிறாளே, பையைப் பத்திரமாகப் பிடியுங்கள் என்று கணவரை எச்சரித்தாள். அதற்குள் கஸ்தூரி ஊர் பூராவிடமும் மணி கேட்டுத் தொண்டை கட்டிப் போயிருந்தாள். எங்கள் பக்கத்தில் பொம்மை ரயில் ஒன்று கூவிக்கொண்டு ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அதில் ஒரு தடவையாவது ஏறலாமா என்று நாங்கள் கேட்டதற்கு, முதலில் மெட்ராஸ், பிறகு ரயில் என்றார் அக்கா.

வெயில் உச்சிக்கு வந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தால் கேக்கின் மேலிருந்த ரோஜாப் பூ இளகிச் சாய்ந்திருந்தது. அக்கா மூடியை மூடினார். அதன்பிறகு நடந்ததை ஆரணியில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஹோல்டான் அக்கா வேகமாக நடந்தார். முதலில் எட்டி எட்டி நடந்தார், பிறகு கிட்டத்தட்ட ஓடினார். கஸ்தூரியையே முந்தினார். எந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலும் நின்றார், உதடு அசைகிறதா என்று பார்த்தார், மறுபடி ஓடினார். புடவைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை. அக்கா அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்க முடியவில்லை.

காணாமல் போன குழந்தைகளுக்காக அறிவிப்புச் செய்கிற கூண்டு ஒன்று ராட்டினத்துக்குக் கீழே இருந்தது. அக்காவின் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனேன். மைக்கின் முன்னால் இருந்த ஆள் குழந்தையின் பெயரைக் கேட்டார். பெயர் தெரியாது என்றார் அக்கா. வயது? ஐம்பத்தெட்டு. அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்ன உயரம், என்ன புடவை, குண்டா ஒல்லியா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தெரியாது என்ற பதிலை வாங்கிக்கொண்டார்.

"அப்ப இன்னாதான்மா தெரியும் உங்களுக்கு?"

"குரல் தெரியும் தம்பி. அவங்களுக்கும் என் குரல் தெரியும். அந்த மைக்க ஒருதபா குடுங்க."

அவருக்கு என்ன தோன்றியதோ, பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை அக்கா பக்கம் திருப்பினார். அக்கா தலைப்பைச் சரி செய்தார், முகத்தைத் துடைத்தார், எக்ஸ்சேஞ்ச் போர்டின் முன்னால் உட்காருகிற மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"மெட்ராஸ்... மெட்ராஸ்... ஆரணி ஹியர். லைன்ல இருக்கீங்களா மெட்ராஸ்?"

எல்லாக் கம்பங்களிலிருந்தும் அந்த ஊஞ்சல் குரல் வந்தது. ஜனம் அப்படியே நின்று மேலே பார்த்தது. சிலர் சிரித்தார்கள். அக்கா மறுபடியும் கூப்பிட்டார், அதே நிதானத்தில். கஸ்தூரி என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், அவளுடைய கை என்று நினைத்து.

அப்போது பொம்மை ரயில் நடுவழியில் நின்றது. சங்கிலியைப் பிடித்து இழுக்கிற வசதி அதில் இல்லை. யாரோ குரலாலேயே அதை நிறுத்திவிட்டார்கள். "வண்டிய நிறுத்துப்பா" என்று ஒரு முழக்கம் பார்க் முழுக்கக் கேட்டது. என் கையில் பேனா இருந்திருந்தால் விழுந்திருக்கும்.

ரயிலிலிருந்து இறங்கி வந்தது, கையில் பிளாஸ்டிக் கூடையும் கண்ணில் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக, அக்காவின் தோள் உயரம்கூட இல்லாத ஒரு குச்சி அம்மாள். ரயில் பார்க் முழுக்கச் சுற்றுகிறதே, எந்த மூலையில் பேசினாலும் காதில் விழும் என்று காலையிலிருந்து இறங்காமல் அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தாராம். எங்களை எத்தனை தடவை கடந்து போனாரோ, அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

"ஆரணி, கால் மெச்சூர் ஆயிடுச்சு" என்றார் மெட்ராஸ். லைன் கிடைத்துவிட்டது என்பதற்கு எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். அக்கா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கூண்டுக்காரர் கைதட்ட, கூட்டமும் தட்டியது.

அதன்பிறகுதான் வந்தது வேடிக்கை. மரத்தடி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் முகம் பார்த்து உட்காரவைத்தால் இருவருக்கும் பேச்சு வரவில்லை. பெண் பார்க்க வந்த இடம் மாதிரி ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். வெயில் அதிகம் என்றார் அக்கா. ஆமாம் என்றார் மெட்ராஸ். பத்து வருஷம் ஓயாமல் பேசியவர்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்த அக்கா எழுந்து, பெஞ்சின் மறுபக்கம் போய், மெட்ராஸின் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க மெட்ராஸ்."

"சொல்லுங்க ஆரணி" என்று முழங்கியது குரல். மடை திறந்துகொண்டது. மகனுக்குப் பார்த்த பெண், அண்ணியின் சண்டை, மூட்டுவலி, களம்பூர் மில்காரர் என்று எல்லாமே வந்தன. எங்களைப் போய் விளையாடச் சொல்லிவிட்டார்கள். ராட்டினத்தில் ஏறினோம், கோப்பையில் சுழன்றோம், படகில் நனைந்தோம். கஸ்தூரி உச்சியில் போட்ட கூச்சல் அவளுக்கே கேட்டிருக்காது. ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் கீழே அந்த இரண்டு முதுகுகள் தெரிந்தன. நாங்கள் தலைசுற்றித் திரும்பி வந்தபோதும் அப்படியேதான் இருந்தார்கள்.

கேக் பாயசம் ஆகிவிட்டிருந்தது. மெட்ராஸின் கூடையில் இருந்த தம்ளரில் மொண்டு நான்கு பேரும் குடித்தோம். ஐம்பது வயதில் முதல்முறையாக, தனக்கென்று மட்டும் பாடிய பிறந்தநாள் பாட்டை அக்கா கேட்டார். பாடியது மெட்ராஸ். அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. பக்கத்துப் பெஞ்சுகளும் சேர்ந்துகொண்டன. அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார், கண்ணைத் துடைக்கவும் இல்லை.

மாலை பஸ்ஸில் கஸ்தூரி கேட்டாள், "மெட்ராஸ் பேரு இன்னாக்கா?"

அக்கா திடுக்கிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கேட்க மறந்துவிட்டதாம். அடுத்த பிறந்தநாளுக்கு அதே பெஞ்சில் சந்திப்பதாக முடிவாகியிருக்கிறது, அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்றார். மெட்ராஸ் ரிட்டயர் ஆவதற்குள் தேதி மட்டும் மெதுவாக யோசித்துச் சொல்ல வேண்டுமாம்.

காஞ்சிபுரம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கனமான தலை. தோள் மரத்துப்போனது, சட்டையெல்லாம் கேக் வாசனை. ஆரணி வரைக்கும் நான் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தூரத்தில் ஆரணி இருந்திருந்தாலும் பரவாயில்லை என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.