அருங்காட்சியகத்துச் செப்பு வாளி

மதிப்புக்குரிய சாவா மாமாவுக்கு,

பென்கா அத்தையின் வேலையைப் போக்கியது நீங்கள்தான். மற்றபடி இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்றும், மாமி குளிர்காலத்துக்கான குடைமிளகாயைச் சுட்டுப் புட்டிகளில் அடைத்து முடித்திருப்பார் என்றும் நம்புகிறேன்.

அக்கா நெவேனாவின் கல்யாணத்தைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் உணவகத்தில் வைத்திருக்கலாம். அப்பா பேருந்து ஓட்டுகிறவர், அம்மா தையல் ஆலையில் காலர் தைக்கிறவர். நமக்கு அது போதும். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா லில்யானா, "எங்க பக்கமெல்லாம் ப்ளோவ்திவ்ல பெரிய ஓட்டல்லதான் பண்றது வழக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக, நகராட்சியில் இருக்கும் நீங்கள் நம் ஊர் அருங்காட்சியகத்தையே பிடித்துக் கொடுத்தீர்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய கம்பளி வியாபாரியின் மாளிகை. அவன் உயிரோடு இருந்தபோது நம் ஆட்கள் பின்வாசலில் மூட்டை இறக்கியிருப்பார்கள். முன்வாசலில் நாம் நுழைய, அவன் செத்து அவன் பேரன்களும் சாக வேண்டியிருந்தது. நுழைந்ததும் என்ன செய்தோம்? அவனைப் போலவே நடந்துகொண்டோம்.

மரத்தரை கீறக்கூடாது என்று ஊரே அத்தை என்று கூப்பிடும் காவல்காரி பென்கா வாசலில் மண்டியிட்டு, ஒவ்வொருவர் காலணிக்கும் மேலே கம்பளி உறையை மாட்டிவிட்டார். அந்த உறையோடு ஹோரோ ஆடிய கூட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. கைகோத்து வட்டமாக ஆடியவர்கள் வளைவில் நிற்க முடியாமல் சறுக்கி, மொத்தமாகப் போய் வியாபாரியின் படுக்கையறையை மறித்துக் கட்டியிருந்த கயிற்றில் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே ராக்கியா சாராயம் குடிக்கக்கூடாது என்பது விதி. அதனால் ஆண்கள் எல்லோரும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை காற்று வாங்க வெளியே போனார்கள். போகும்போது உறையைக் கழற்றி, வரும்போது மாட்டி, அறுபது வயதுப் பெண்மணி குனிந்து நிமிர்ந்தே களைத்துவிட்டார்.

"இங்க வேலைக்காரங்க இவ்வளவுதானா?" என்று லில்யானா கேட்டார்.

"மொத்த மியூசியத்துக்கும் நான் ஒருத்திதான். சம்பந்தியம்மாவுக்கு இந்த உறை போதுமா, இல்ல ஆம்பளைங்க சைஸ் குடுக்கட்டுமா?" என்றார் பென்கா அத்தை.

நான் சிரித்தேன். நீங்கள் முறைத்தீர்கள்.

பிறகுதான் வாளி விஷயம் வந்தது. தண்ணீரும் பூவும் நிறைத்த செப்பு வாளியைக் கல்யாணப்பெண் வலது காலால் உதைத்துத் தள்ளாமல் நம் ஊரில் எந்தக் கல்யாணம் முடிந்திருக்கிறது? தண்ணீர் ஓடுகிற தூரம்தான் வாழ்வு ஓடுகிற தூரம். அந்த வாளி வீட்டிலேயே, குளியலறையில் இருந்தது. அதை எடுத்துவர அம்மா அப்பாவையும் அப்பா என்னையும் நம்பியிருக்கிறார்கள். பென்கா அத்தை ஓடிப்போய்த் தரை துடைக்கிற பச்சை பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்தார். "கழுவித்தாம்மா வச்சிருக்கேன்" என்றார். லில்யானா புருவத்தை மட்டும் தூக்கினார்.

"பிளாஸ்டிக்க உதைச்சா பிளாஸ்டிக் வாழ்க்கைதான் வரும்!" என்று கத்தினீர்கள். "இருபது வருஷமா நகராட்சியில இருக்கேன், இந்த ஊர்ல எனக்கு ஒரு செப்பு வாளி கிடைக்காதா?" கிடைத்தது. ஏதோ சாவி வேண்டும் என்று பென்கா அத்தையை மாடிக்கு அனுப்பிவிட்டு, வியாபாரியின் சமையலறையில் கயிற்றுக்கு அப்பால் மாட்டியிருந்த வாளியை எடுத்துவிட்டீர்கள்.

நெவேனா பள்ளியில் கால்பந்து ஆடியவள் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. வாளி வாசல் கல்படியில் ஒவ்வொரு படியாக மணி அடித்துக்கொண்டே இறங்கியது. விருந்தினர்கள் சத்தம்போட்டு எண்ணினார்கள். பதினேழாம் படியில் கைப்பிடி தனியாகக் கழன்று வாளியை முந்திக்கொண்டு போனது. பலமாகக் கைதட்டியவர் நீங்கள். அப்புறம் கேக் பெட்டியின் வெள்ளை நாடாவால் கைப்பிடியைக் கட்டி, நசுங்கிய பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி, இருந்த இடத்திலேயே மாட்டச் செய்தீர்கள். "யாரும் பாக்கல, விடு" என்றீர்கள்.

செவ்வாய்க்கிழமை அருங்காட்சியக இயக்குநர் அந்த நாடாவைப் பார்த்துவிட்டு அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினார். "நாங்க எதையும் தொடலீங்க" என்று சொல்லும்போது அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். புதன்கிழமை பென்கா அத்தையை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்னீர்கள்: "விடுடா கலோயன், அந்தம்மாவுக்கும் வயசாச்சு, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் இரண்டாவது துண்டு பாலாடைக்கட்டி பனிட்சாவைத் தட்டில் வைத்துக்கொண்டேன். அது உள்ளே இறங்கவும் செய்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாமிக்கு என் அன்பு. கடவுள் உங்கள் வீட்டில் ரொட்டியும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகன்
கலோயன்

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பென்கா அத்தை வந்தார். அருங்காட்சியகத்தில் அம்மா மறந்துவிட்டு வந்த சால்வையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"சொன்னது உன் மாமா, சரி. கயித்தத் தாண்டிப் போய் எடுத்துட்டு வந்தது நீதானே தம்பி? மறுபடி மாட்டினதும் நீதான். மாடிப்படியிலேருந்து பாத்துட்டேன். கல்யாணப்பொண்ணு வாசல்ல நிக்கிறா, அந்த நேரத்துல நான் கத்தினா நல்லாவா இருக்கும்? நீங்களே போய்ச் சொல்லிடுவீங்கன்னு இருந்துட்டேன்."

ஆகவே, மேலே எழுதியிருப்பதில் உங்கள் பழியைப் பாதியாகக் குறைத்துப் படிக்கவும். மீதிப் பாதியைச் சுமந்துகொண்டு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இயக்குநர் அறை வாசலில் நிற்பேன். நீங்களும் வந்தாக வேண்டும். வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள், மாமா.