நாற்றம் மூளையில் இருக்கிறது

காலையில் எழுகிறேன். பல் தேய்க்கிறேன். பால் காய்ச்சுகிறேன். அது தீய்ந்தால், புகையைப் பார்த்து அடுப்பை அணைக்கிறேன். மூக்கை நம்பி வாழும் அநாகரிக நிலையிலிருந்து மனிதகுலத்தின் ஒரு பகுதி விடுதலை அடைந்துவிட்டது. அந்தப் பகுதி, திருவொற்றியூரில் எங்கள் தெரு.

அதற்கு முன் நாங்கள் பின்தங்கியிருந்தோம். பக்கத்துத் தொழிற்சாலையில் வாயு கசிந்தால் முதலில் மோப்பம் பிடிப்பவள் என் மனைவி சாண்ட்ரா. மாடியில் நின்று சோற்றுத் தட்டைக் கரண்டியால் அடிப்பாள். தெருவே ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடும். பிறகு ஆலை வாசலில் போய்க் கத்துவோம். உற்பத்தி பாதிக்கும்.

நிர்வாகத்தின் மனம் இளகியது. குழாயை மாற்றவில்லை, அது அற்பத் தீர்வு. ஒரு மருந்து நிறுவனத்தோடு 'கைகோத்து', கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டது. பிரியாணி உண்டு.

"நாற்றம் ஆலையில் இல்லை. உங்கள் மூளையில் இருக்கிறது," என்றார் டாக்டர். "மூக்கு, கண், தொண்டையிலிருந்து மூளைக்குப் புகார் கொண்டுபோகும் நரம்புகளை இந்தப் பரிசோதனை மாத்திரை உறங்க வைக்கும்."

"அப்ப மீனு கெட்டுப்போச்சான்னு இன்னாத்த வெச்சு பாக்கறது?" என்றார் மீன் விற்கும் அடைக்கலமேரி அக்கா.

"கண்ணால் பாருங்கள் அம்மா."

"ஐஸ்ல கெடந்த மீனு புது மாப்ள மாதிரி பளபளன்னுதான் கீது. மோந்து பாத்தாத்தான் அதோட வண்டவாளம் தெரியும் டாக்டரே!"

மண்டபம் சிரித்தது. மீன் விவகாரம் 'அடுத்த கட்ட ஆய்வில் பரிசீலிக்கப்படும்' என்று அறிவிக்கப்பட்டது.

முதல் மாத்திரை சாண்ட்ராவுக்கு. மேடையில், பொன்னாடை போர்த்தி.

"வேணாம்னா வுட்டுடு," என்றேன்.

"ஒரு வாரமாச்சும் கொமட்டாம சோறு துன்னணும் ஃப்ரெடி," என்று விழுங்கினாள். நானும் விழுங்கினேன். தெருவும் விழுங்கியது. அக்கா மட்டும் வியாபாரத்தை நினைத்துத் துப்பிவிட்டார்.

மருந்து மகத்தான வெற்றி. புகார்கள் நின்றன. நிர்வாகம் கேக் வெட்டியது.

ஒருநாள் காலை, நான் துறைமுகத்தில் வேலையில் இருந்தபோது, காசிமேட்டில் மீன் எடுத்துத் திரும்பிய அக்கா தெருமுனையிலேயே கூடையைப் போட்டார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிக் கத்தினார். தள்ளாடித் தள்ளாடி எல்லாரும் வெளியே வந்தார்கள். எங்கள் கதவு திறக்கவில்லை. உடைத்தார்கள். சாண்ட்ரா தட்டின் முன் உட்கார்ந்தபடியே போயிருந்தாள். பாதிச் சோறு சாப்பிட்டிருந்தாள். குமட்டவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். முகத்தில் எரிச்சலின் சாயல்கூட இல்லை என்று வியந்தார்.

இப்போது ஆலை வாசலில் அவளுக்குப் பெரிய பேனர். படத்துக்குக் கீழே அவளுடைய 'கடைசி வார்த்தை': 'இனி நான் நிம்மதியாகச் சுவாசிப்பேன். நன்றி.' அழகான தமிழ். நான் ஒரே ஒரு திருத்தம் கேட்டிருக்கிறேன். அன்று நான் வேலைக்குக் கிளம்பும்போது, ஆலைப் பக்கத்து ஜன்னலருகே நின்று, மூச்சை நன்றாக இழுத்துவிட்டு அவள் சொன்னது இதுதான்:

"நல்ல காத்து வருதுய்யா. எல்லா ஜன்னலையும் தொறந்து வுட்டுட்டு போ."